ஏழாம் பக்கத்தில் நம் வயல்

இலஞ்சி,
வைகாசி 12, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

இராமலட்சுமி எழுதுவது. நானும் ஸ்வாதியும் உடம்பளவில் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இன்றைக்கு வாய் வரவில்லை. ஆனாலும் பனியில் காவல் நிற்கிற மனுஷனைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நலமாக இருங்கள். நலமாக இருந்து இந்தக் கடிதத்தை முழுசாகப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் வைத்தேன். டவர் போய்விட்டது என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லியிருப்பீர்கள். டவர் எங்கேயும் போகவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் பேச்சைப் பாதியில் வெட்டினேன். "ஒத்தக் கையெழுத்துதானளா, போட்டுத் தொலைச்சிட்டுப் பிள்ளையப் பரீட்சை எழுத விடு" என்று சொன்னீர்களே, அதற்கு மேலும் கேட்டுக்கொண்டிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. போனில் உங்களுக்கு மூன்று நிமிஷம். பின்னால் வரிசையில் நாலு பேர். பாதிக் கதையைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். மீதிக் கதையை இதில் எழுதுகிறேன்.

நம் வயலுக்கு மேற்கே புளியந்தோப்பை அழித்து அந்த வேளாண் கல்லூரியைக் கட்டித் திறந்தபோது நீங்கள் லீவில் இருந்தீர்கள். முதல் வருஷத்துப் பிள்ளைகள் அறுபது பேரில் நம் ஸ்வாதியும் ஒருத்தி. நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தீர்கள். அன்றைக்குக் கல்லூரித் தாளாளர் ஒரு விஷயம் சொன்னது ஞாபகம் இருக்கும். பிள்ளைக்கு ரெண்டு சென்ட் நிலம். விதைப்பதிலிருந்து அறுப்பதுவரை அந்தப் பிள்ளைதான் பார்க்க வேண்டும். தினமும் செய்ததை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். மார்க்கு அதற்குத்தான். வரும் வழியெல்லாம் நீங்கள் அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள்.

ஸ்வாதிக்குக் கிடைத்தது நாற்பத்துமூன்றாம் நம்பர். நம் மேற்கு வரப்பை ஒட்டினாற்போல. பதினெட்டு வயசுவரை நம் வயலில் கால் வைக்கச் சொன்னால் "எம்மா, அட்டை கடிக்கும்" என்று ஓடின கழுதை, ஐப்பசியில் தானே நாற்றுப் பாவி, கார்த்திகையில் தானே நட்டாள். விடிந்ததும் பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ப் பயிரின் உயரத்தை அளப்பாள். கேட்டால் முறைப்பாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பெருமையும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மார்கழிக் கடைசியில்தான் வினை வந்தது. தை மாதம் யாரோ பெரிய மனிதர்கள் கல்லூரியைப் பார்க்க வருகிறார்களாம். தாளாளர் வரப்பில் வெள்ளைச் செருப்போடு நின்று, "பச்சை பத்தலயே, போட்டோல பளிச்சுன்னு தெரியணும்லா" என்றார். உடனே மூட்டை மூட்டையாக யூரியா வந்து இறங்கியது. ரெண்டு சென்டுக்கு அரைக் கிலோ போட வேண்டிய இடத்தில் ரெண்டு கிலோ. அதுவும் எந்த நேரத்தில்? காலை எட்டு மணிவரை பனி சொட்டுகிற நேரத்தில்! நான் நம் வரப்பிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். "ஏய்யா, இந்தப் பனியில இம்புட்டு யூரியா உப்பைக் கொட்டினா குலைநோயில்லா வரும்" என்றேன். தாளாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே பாடம் நடத்துகிற சாம் என்கிற கோயம்புத்தூர்ப் பையன் மட்டும் வரப்போரம் வந்து, "எனக்குந் தெரியுதுங்கம்மா. சொல்லிப் பாத்துட்டேனுங்க, கேக்க மாட்டேங்கறாங்க" என்று முனகிவிட்டுப் போனான்.

ஸ்வாதியும் போட்டாள். போடாமல் என்ன செய்வாள், பக்கத்தில் ஆள் நிற்கிறது. ஆனால் அன்றைக்கு ரெக்கார்டு நோட்டில், "யூரியா இரண்டு கிலோ. தாளாளர் உத்தரவு. பயிருக்குத் தேவையில்லை, பனி அதிகம்" என்று தேதி போட்டு எழுதினாள். எல்லா வினையும் இந்த ஒரு வரியால் வந்ததுதான்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள், பச்சையைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அடுத்த வாரமே இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி. கதிர் வெளியே வந்ததும் கழுத்துக் கறுத்து ஒடிந்து தொங்கிவிட்டது. அறுபது பிள்ளைகளின் பயிரும் போச்சு. நம் வயலுக்கும் மேற்கு ஓரம் ரெண்டு முழத்துக்குப் புள்ளி இறங்கியது. நான் சும்மா இருப்பேனா? ஸ்பிரேயரை முதுகில் கட்டிக்கொண்டு ரெண்டு தடவை மருந்தடித்தேன். தோளில் பட்டை பிடித்த தழும்பு இன்னும் போகவில்லை. அந்த ரெண்டு முழம் போக மற்றதைக் காப்பாற்றிவிட்டேன்.

அறுத்ததும் முதல் கதிரை நிலைவாசலில் கட்டுவது நம் வீட்டு வழக்கம். இந்த வருஷம் தன் வயல் கதிரைத்தான் கட்ட வேண்டும் என்று ஸ்வாதி நடும்போதே என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். மாசியில் ஒரு கட்டைக் கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று பதர். "ஏட்டி, வாசல்ல பதரைக் கட்டினா குடும்பம் வெளங்குமா? நம்ம வயல்ல நல்ல கதிரா எடுத்துக் கட்டு" என்று திட்டினேன். "எம்மா, நான் வெளைய வச்சது இதான்" என்று சொல்லி, ஸ்டூலைப் போட்டு ஏறிக் கட்டிவிட்டாள். வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். குருவி இரண்டு வந்து கொத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வரவே இல்லை. நானும் அவிழ்க்கவில்லை.

இப்போது புத்தகக் கதைக்கு வருகிறேன். சித்திரைக் கடைசியில் நம் கீழ வயல் சிவசைலம் அண்ணாச்சி கையில் ஒரு புத்தகத்தோடு வந்தார். வரும்போதே, "ஏளா இராமலட்சுமி, ஒம் மாப்பிள்ளை பொஸ்தகத்துல நிக்காரு" என்று சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரித்துக் காட்டினார். 'ஓராண்டில் மாபெரும் வளர்ச்சி' என்று கல்லூரி அச்சடித்த அறிக்கை. வழுவழுவென்ற தாள். ஏழாம் பக்கம் முழுக்க ஒரு வயல், மஞ்சள் திரும்பித் தலை சாய்ந்த நெல். வரப்பில் 'மாணவர் பயிற்சி வயல்' என்று போர்டு. நடுவில் கண்ணேறு பொம்மை. அந்தப் பொம்மையின் மேல் இடது பையில் பட்டன் இல்லாத உங்கள் பழைய பச்சைச் சட்டை!

ஆமாம் அத்தான், நம் வயல்தான். தைப்பூசத்துக்கு நான் பண்பொழி மலைக்குப் போன அன்றைக்கு வந்து நம் வரப்பில் போர்டை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு, போர்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதானே! அவர்கள் கொட்டின உப்பால் வந்த நோயை முதுகு வெந்து தடுத்தவள் நான். விளைச்சல் அவர்கள் புத்தகத்தில்.

அதோடு விட்டார்களா? இந்த வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து குழு வருகிறது. அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் ரெண்டாம் வருஷம் நடத்தலாமாம். படத்தில் இருக்கிற வயல் எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டுமே. அதற்காக என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். 'எனது வயல் கல்லூரியின் ஆலோசனைப்படி பயிரிடப்பட்டு, மாணவர் பயிற்சிக்காக முழுமனதுடன் வழங்கப்பட்டது.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புது ரெக்கார்டு நோட்டு. பழைய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நோயே வராத மாதிரிப் புதுசாக எழுதச் சொன்னார்கள். ஐம்பத்தொன்பது பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊர் விட்டு ஊர் வந்து விடுதியில் கிடக்கிற பிள்ளைகள். நம் கழுதை மட்டும் புது நோட்டை வெற்றாகவே திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் கையெழுத்தும் அவள் நோட்டும் வந்தால்தான் ஹால் டிக்கெட் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வைகாசி இருபத்தைந்தில் பரீட்சை.

தாளாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். "நம்ம ஸ்வாதி நல்லாப் படிக்குத பிள்ளை. ஒங்க பிடிவாதத்துல அது வாழ்க்கை கெட்டுறக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். டீயை ஆடை படிய விட்டுவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் போனுக்காகத்தான் காத்திருந்தேன். என் பக்கம் நிற்க ஒரு ஆள் இருக்கிறது என்று நினைத்து.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மறுபடி எழுத எனக்கு மனமில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் லீவில் வந்திருந்தபோது, வாய்க்கால் தூர்வாரி முடித்தாயிற்று என்று ஒரு காண்டிராக்டர் பாசனக்காரர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான். எல்லாரும் போட்டார்கள். நீங்கள் போடவில்லை. இதே மாதிரிதான் அன்றைக்கு நான் சொன்னேன்: ஒத்தக் கையெழுத்துதானே, போட்டுத் தொலைங்க. நீங்கள் என்னைப் பார்த்து, "மண்ணு அங்கன அப்படியே கெடக்குளா. அள்ளினதா நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்றீர்கள். லீவு முடிந்து நீங்கள் போய்விட்டீர்கள். கையெழுத்துப் போடாத குற்றத்துக்கு ரெண்டு பிசானப் போகம் நமக்குத்தான் கடைசித் தண்ணீர். நாற்றங்காலுக்குக் குடத்தில் சுமந்து ஊற்றினது நான். அன்றைக்கு உங்களைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் ஸ்வாதிக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கதையைத்தான் சொன்னேன், "ஒங்கப்பா ஒருத்தர்தான்டி போடல" என்று. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் பக்கத்தில் நின்ற ஸ்வாதி கேட்டாள்: "எம்மா, அப்பாவா அப்படிச் சொன்னாவ?" சரியாகக் கேட்கவில்லை, டவர் இல்லை என்று சொன்னேன். உங்களுக்காகப் பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன் அத்தான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. நேற்றுக் காலையில் நானே போய் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடுமே என்கிற பயம், நீங்களும் சொல்லிவிட்டீர்கள் என்கிற சாக்கு. அங்கேயே யாரோ ஸ்வாதியிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வந்தாள், கை கால் கழுவினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எம்மா, நம்ம வயலு அவங்க சொல்லிக் குடுத்தா வெளஞ்சது?"

 நீங்கள் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து அந்த வயலை வைத்துக் காப்பாற்றுகிறவள் நான். அதை யாரோ சொல்லிக் கொடுத்துச் செய்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருகிற கோபம்தான் பெரிசாக இருக்கிறது. அவள் என்னோடு பேசவில்லை. கை வலிக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

இதைப் புதன்கிழமையே தபாலில் போட்டிருக்க வேண்டும். போட மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன் என்று உங்களுக்குத் தெரிவிக்க வெட்கமாக இருந்தது. இப்போது தெரிவிக்கலாம்.

காலையில் ஸ்வாதி கல்லூரிக்குப் போன பிறகு வாசல் தெளிக்கப் போனேன். நிமிர்ந்தால் அந்தப் பதர்க்கட்டு. மூன்று மாசமாகத் தலைக்கு மேல் தொங்குகிறது, இன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தேன். தலைப்பில் சின்னதாக ஒரு அட்டை கட்டி, '43, ஸ்வாதி ந.' என்று எழுதியிருக்கிறாள். ஸ்டூலைப் போட்டு ஏறி அவிழ்த்தேன். நல்ல சேலை மாற்றிக்கொண்டு, கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குழுவில் நாலு பேர். தாளாளர் பெரிய மேஜையில் புத்தகத்தை விரித்து ஏழாம் பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தடுத்தான். "என் வயலை உள்ள வச்சிருக்காவ, நான் வெளிய நிக்கணுமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்.  "இந்தப் படத்துல இருக்குதது என் வயலு. நடுவுல நிக்குதது எங்க வீட்டுக்காரவ சட்டை, இடது பையில பட்டன் இல்ல, பாத்துக்கிடுங்க. திங்கக்கிழமை நான் போட்டது பொய்க் கையெழுத்து. அதைத் திருப்பிக் குடுங்க. எம் பிள்ளை வெளைய வச்சது இது" என்று பதர்க்கட்டை மேஜையில் வைத்தேன். குழுவில் இருந்த ஒரு அம்மா ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார்கள். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தாளாளர் சிரித்துக்கொண்டே, "அந்தம்மாவுக்கு எங்க மேல ஏதோ கோவம்" என்றார். நான் சொன்னேன்: "ஏதோ கோவமில்ல. இந்தக் கோவந்தான்."

கதிரைக் கசக்கிய அந்த அம்மா, பதர்க்கட்டில் இருந்த அட்டையைப் பார்த்து நாற்பத்துமூன்றாம் நம்பர் ரெக்கார்டு நோட்டைக் கேட்டார்கள். தாளாளர் தேடுகிற மாதிரித் தேடினார். சுவரோரம் நின்ற சாம் தன் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.  மார்கழிப் பக்கத்தை நாலு பேரும் கை மாற்றிப் படித்தார்கள். என் தாளை நகல் எடுத்துக்கொண்டு, பதர்க்கட்டோடு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பேர் மேல் குறுக்கே கோடு போட்டு இதோடு வைத்திருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குழு ஒன்றும் சொல்லவில்லை, எழுத்தில் தெரிவிப்பார்களாம். ஹால் டிக்கெட் வரவில்லை. நான் படியிறங்கும்போது தாளாளர் பின்னால் வந்து, "பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கோங்க" என்றார். சாமுக்கு வேலை இருக்குமோ போகுமோ, அதுவும் தெரியாது. ஒரு வருஷப் படிப்பு போனாலும் போகும். தெரிந்துதான் செய்தேன். ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்டால், பத்து வருஷத்துக்கு முந்தின உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வராந்தாவில் பிள்ளைகளெல்லாம் நின்றார்கள். ஸ்வாதி வந்து என் கையிலிருந்த கட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். மேற்கே மலையில் மேகம் இறங்கி, முதல் சாரல் முகத்தில் விழுந்தது. வாய்க்கால் பாலம் தாண்டும்போது, "எம்மா, கார் போகத்துக்கு நாத்து எப்பப் பாவணும்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டுப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எட்டுப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தால் சாரலைப் பற்றி மட்டும் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சட்டையைப் பொம்மையிலிருந்து கழற்றித் துவைத்துப் பட்டன் தைத்து வைத்திருக்கிறேன். இனிமேல் அதை வயலில் நிறுத்த மாட்டேன்.

படித்து முடித்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேச வேண்டாம். மூன்று நிமிஷமும் ஸ்வாதிக்குத்தான். பரீட்சையைப் பற்றிக் கேட்காதீர்கள். மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அவள் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, டவர் இல்லை என்றுதான் இன்னும் நம்புகிறாள். அவள் வயலில் நெல் எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள். கல்லூரியில் அறுபது பக்கத்துக்கு அறிக்கை அடித்தார்கள், அதை ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. பெற்ற நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை.

பண்பொழி முருகன் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

கோபம் தீராமல்,
உங்கள்
இராமலட்சுமி நம்பிராஜன்
(இது நான் மனசறிந்து போட்ட கையெழுத்து.)